ஃபிரெகாரே

ஃபிரெகாரே என்பது இத்தாலிய மொழியில் வழங்கும் ஒரு வினைச்சொல் ஆகும். 'தேய்த்தல்' என்பது இதன் மூலப்பொருள். இன்றைய பேச்சு வழக்கில் 'ஏமாற்றுதல்', 'திருடுதல்' ஆகிய பொருள்களிலேயே இது மிகுதியாகப் பயன்படுகின்றது. இவ்வினையிலிருந்து தோன்றிய 'ஃபிரெகார்சேனே' என்னும் வடிவம் 'ஒன்றைப் பொருட்படுத்தாதிருத்தல்' என்று பொருள்படும். இதன் தன்மை ஒருமை வடிவமான 'மே நே ஃபிரேகோ' ('எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை') முதல் உலகப் போரில் இத்தாலியப் படைவீரர்களிடையே பரவியது. பின்னர் இத்தாலியப் பாசிச இயக்கத்தின் முழக்கமாயிற்று. 1960களில் பார்பியானா என்னும் சிற்றூரின் பள்ளி, இம்முழக்கத்திற்கு நேர் எதிரான சொற்றொடர் ஒன்றைத் தன் குறிக்கோளுரையாகக் கொண்டது. இக்காரணங்களால் இத்தாலிய மொழி வரலாற்றிலும் அரசியல் வரலாற்றிலும் ஒருசேர இடம்பெறும் சொற்களுள் ஒன்றாக இது விளங்குகின்றது.

ஒலிப்பு

இச்சொல்லின் முதலில் வரும் மெய், கீழுதட்டை மேற்பல் தொட்டு எழும் ஒலியாகும். இக்கட்டுரையில் அது 'ஃப' என்று எழுதப்படுகின்றது. இடையில் வரும் ககரத்தைத் 'தங்கம்' என்னும் சொல்லில் உள்ள ககரத்தைப் போல ஒலித்தல் வேண்டும். 'அகம்' என்பதில் உள்ளதுபோல் நெகிழ்த்து ஒலித்தல் கூடாது. 'ஃபிரெகாரே' என்னும் வடிவத்தில் அழுத்தம் 'கா' என்னும் அசையில் விழுகின்றது. 'ஃபிரேகோ' போன்ற வடிவங்களில் அழுத்தம் முதல் அசைக்கு மாறுவதால் அங்குள்ள எகரம் நீண்டு ஒலிக்கின்றது.

சொற்பிறப்பு

இச்சொல் இலத்தீன் மொழியின் 'ஃபிரிகாரே' என்னும் வினையிலிருந்து பிறந்தது. இலத்தீனில் அதன் பொருள் தேய்த்தல், உராய்தல், உடலைத் தேய்த்துவிடுதல் என்பனவாகும்.

இலத்தீன் வடிவம் இத்தாலிய வடிவமாக மாறியதில் இரண்டு ஒலிமாற்றங்களைக் காணலாம்.

* இலத்தீனின் குறில் இகரம் எகரமாதல். 'நிவெம்' (பனி) என்பது இத்தாலியத்தில் 'நேவே' என்றும், 'பிஸ்கெம்' (மீன்) என்பது 'பேஷே' என்றும் ஆனது இதே முறையில்தான்.
* இரண்டு உயிர்களுக்கு இடையில் நிற்கும் வல்லின ககரம் மெலிந்து ஒலித்தல். 'லாக்குஸ்' (ஏரி) 'லாகோ' ஆனதும், 'பாக்காரே' (அமைதிப்படுத்தல்) 'பாகாரே' (பணம் செலுத்தல்) ஆனதும் இவ்வகையின. இம்மாற்றம் எல்லாச் சொற்களிலும் நிகழவில்லை. 'அமீக்கோ' (நண்பன்) என்னும் சொல்லில் பழைய வல்லொலியே நிலைத்துவிட்டது.

இனச்சொற்கள்

ஒரே இலத்தீன் வேரிலிருந்து பிறந்த சொற்கள் பிற ரோமானிய மொழிகளிலும் உள்ளன.

* எசுப்பானியம்: 'ஃபிரெகார்'. பாத்திரம் கழுவுதல், தேய்த்துத் துலக்குதல் என்னும் பொருள் உடையது. இலத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் 'தொல்லை கொடுத்தல்' என்றும் வழங்குகின்றது.
* கட்டலான்: 'ஃபிரெகார்'. தேய்த்தல்.
* போர்த்துக்கீசம்: 'எஸ்ஃபிரெகார்'. முன்னொட்டுடன் அமைந்தது. தேய்த்தல்.
* பிரெஞ்சு: 'ஃபிரையே'. உராய்தல், வழி திறத்தல்.
* உருமானியம்: 'ஃபிரெகா'. தேய்த்தல். (இங்குக் ககரம் வல்லொலி.)

இத்தாலிய மொழிக்குள்ளேயே இவ்வேர் இரண்டு வழிகளில் வந்து சேர்ந்துள்ளது. மக்கள் வாய்வழியே தேய்ந்து வந்த வடிவம் 'ஃபிரெகாரே'. கற்றோர் இலத்தீன் நூல்களிலிருந்து நேரடியாக எடுத்துக்கொண்ட சொற்கள் வேறு. 'ஃபிரித்சியோனே' என்பது அவற்றுள் ஒன்று. இது உராய்வையும், மருந்து தேய்த்துவிடுதலையும், சீருந்தில் உள்ள கிளட்ச் என்னும் பாகத்தையும் குறிக்கும். பற்பசையைக் குறிக்கும் 'தென்திஃபிரீச்சோ' என்பது 'பல்', 'தேய்' என்னும் இரு இலத்தீன் வேர்களின் கூட்டாகும். மொழியியலில் உரசொலியைக் குறிக்கும் 'ஃபிரிக்காத்தீவா' என்பதும் இவ்வேரினதே. உராய்வைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ஃபிரிக்‌ஷன் என்பதும் இதே இலத்தீன் வேரிலிருந்து வந்ததாகும். இக்கற்றோர் சொற்களில் வசைச் சாயல் சிறிதும் இல்லை. அச்சாயல் மக்கள் வழக்கில் புழங்கிய வடிவத்திற்கே உரியது.

ஒருவகைப் போர்க்கப்பலைக் குறிக்கும் 'ஃபிரெகாத்தா' என்னும் இத்தாலியச் சொல் வடிவத்தில் ஒத்திருப்பினும் இவ்வினையுடன் தொடர்பற்றது.

பொருள்கள்

தேய்த்தல்

மூலப்பொருளான இது இன்று சில நிலையான தொடர்களில் மட்டுமே பெரிதும் எஞ்சியுள்ளது. கண்ணைக் கசக்குதல், கைகளைத் தேய்த்துக்கொள்ளுதல் ஆகியன அத்தகையவை.

* 'மி ஃபிரேகோ ல்யி ஓக்கி': நான் என் கண்களைக் கசக்கிக்கொள்கிறேன்.
* 'சி ஃபிரெகாவா லே மானி': அவன் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். (எதிர்பார்த்த நன்மை கிட்டியதில் உள்ளுக்குள் மகிழ்வதை இத்தொடர் குறிக்கும்.)

பாத்திரத்தையோ தரையையோ தேய்ப்பதற்கு இன்று 'ஸ்திரோஃபினாரே', 'ஸ்ஃபிரெகாரே' ஆகிய வினைகளே இயல்பானவை. பின்னது ஃபிரெகாரே என்பதுடன் முன்னொட்டுச் சேர்ந்து அமைந்தது. தாய்ச்சொல்லில் ஏறிய வேறு பொருள்களைத் தவிர்க்க விரும்புவோர்க்கு இவ்வடிவம் உதவுகின்றது.

ஏமாற்றுதல்

* 'மி ஆன்னோ ஃபிரெகாத்தோ': என்னை ஏமாற்றிவிட்டார்கள்.
* 'நோன் மி ஃபிரேகி': உன்னால் என்னை ஏமாற்ற முடியாது.
* 'சோனோ ஃபிரெகாத்தோ': நான் தொலைந்தேன், வகையாக மாட்டிக்கொண்டேன்.

ஏமாற்றுதலுக்கு இத்தாலியத்தில் 'இம்பிரொல்யாரே', 'துருஃபாரே' ஆகிய வினைகளும் உள்ளன. பின்னது சட்ட வழக்கில் மோசடியைக் குறிக்கும் சொல்லுடன் தொடர்புடையது. நீதிமன்ற ஆவணத்தில் 'துருஃபாரே' இடம்பெறும். ஏமாந்தவர் வீட்டிற்கு வந்து தன் உறவினரிடம் புலம்பும்போது 'ஃபிரெகாரே' இடம்பெறும். ஏமாற்றியவரின் சாமர்த்தியத்தையும் ஏமாந்தவரின் அப்பாவித்தனத்தையும் இது ஒருங்கே சுட்டுகின்றது. தமிழில் 'தலையில் மிளகாய் அரைத்தல்' என்னும் மரபுத்தொடர் ஏறத்தாழ இத்தகைய தொனியையே உடையது.

'ஃபிரெகாத்தோ' என்பதற்கு ஒப்பான 'ஃபிரெகாதோ' என்னும் சொல் இலத்தீன் அமெரிக்க எசுப்பானியத்திலும் 'சிக்கலில் மாட்டிக்கொண்ட' என்னும் பொருளில் வழங்குவது குறிப்பிடத்தக்கது.

திருடுதல்

* 'மி ஆன்னோ ஃபிரெகாத்தோ லா பிச்சிக்லெத்தா': என் மிதிவண்டியைத் திருடிவிட்டார்கள்.

இத்தொடருக்கும் 'என்னை ஏமாற்றிவிட்டார்கள்' என்னும் தொடருக்கும் உள்ள வேறுபாடு செயப்படுபொருளில் மட்டுமே உள்ளது. முன்னதில் 'மி' என்பது 'என்னை' என நேர்ச் செயப்படுபொருளாக நின்றது. இங்கு நேர்ச் செயப்படுபொருள் மிதிவண்டி. 'மி' என்பது இழப்புக்கு உள்ளானவரைக் குறிக்கின்றது. திருட்டைக் குறிக்கும் பொதுச்சொல் 'ரூபாரே' ஆகும். செய்தித்தாள்களும் காவல்துறை ஆவணங்களும் அதனையே கையாளும்.

பொருட்படுத்தாமை

'ஃபிரெகார்சேனே' என்னும் வடிவத்திற்கே இப்பொருள் உண்டு. தேய்த்தலிலிருந்து இப்பொருள் எவ்வாறு பிறந்தது என்பதற்குப் பொதுவாகக் கூறப்படும் விளக்கம், இடையில் பாலியல் சார்ந்த பொருள் ஒன்று இருந்தது என்பதாகும். இலத்தீன் வினைக்கே அத்தகைய பொருளும் இருந்தது. இதனால் இவ்வடிவம் தொடக்கத்தில் கடுமையான கொச்சைச் சொல்லாகக் கருதப்பட்டது. நெடுங்காலப் புழக்கத்தில் அக்கடுமை குறைந்துவிட்டது. இன்று இதைப் பயன்படுத்துவோர் அப்பழைய பொருளை நினைப்பதில்லை. எனினும் மரியாதைக்குரிய சூழல்களில் இது இன்றும் தவிர்க்கப்படுகின்றது.

இலக்கணம்

வினைத்திரிபு

ஃபிரெகாரே, '-ஆரே' என முடியும் முதல் வகுப்பைச் சேர்ந்த ஒழுங்கான வினையாகும். இதன் நிகழ்கால வடிவங்கள் பின்வருமாறு:

* நான்: ஃபிரேகோ
* நீ: ஃபிரேகி
* அவன், அவள்: ஃபிரேகா
* நாங்கள், நாம்: ஃபிரெகியாமோ
* நீங்கள்: ஃபிரெகாத்தே
* அவர்கள்: ஃபிரேகனோ

எழுத்தில் ஒரு நுட்பம் உண்டு. இத்தாலிய எழுத்துமுறையில் ககரத்தைக் குறிக்கும் எழுத்தை அடுத்து இகரமோ எகரமோ வந்தால் அவ்வெழுத்து ஜகரமாக ஒலிக்கும். அவ்வாறு ஆகாமல் தடுக்க 'ஃபிரேகி', 'ஃபிரெகியாமோ' ஆகிய வடிவங்களிலும், 'ஃபிரெகெரோ' (தேய்ப்பேன், ஏமாற்றுவேன்) முதலிய எதிர்கால வடிவங்களிலும் இடையில் ஒலிப்பற்ற ஹகர எழுத்தொன்று சேர்க்கப்படுகின்றது. தமிழில் எழுதும்போது இவ்வேறுபாடு தெரிவதில்லை.

இறந்தகாலத்தில் ஃபிரெகாரே, 'உடைமை' என்னும் பொருளுடைய 'அவேரே' என்னும் துணைவினையை ஏற்கின்றது: 'ஓ ஃபிரெகாத்தோ' (ஏமாற்றினேன்). ஃபிரெகார்சேனே, 'இருத்தல்' என்னும் பொருளுடைய 'எஸ்ஸெரே' என்னும் துணைவினையை ஏற்கின்றது. அப்போது வினைவடிவம் எழுவாயின் பாலுக்கு ஏற்ப மாறும்.

* 'மே நே சோனோ ஃபிரெகாத்தோ': நான் பொருட்படுத்தவில்லை. (பேசுபவர் ஆண்)
* 'மே நே சோனோ ஃபிரெகாத்தா': நான் பொருட்படுத்தவில்லை. (பேசுபவர் பெண்)

'மே நே' அமைப்பு

ஃபிரெகார்சேனே என்பது மூன்று உறுப்புகளால் ஆனது: வினை, தற்சுட்டுப் பெயர், 'நே' என்னும் இடைச்சொல்.

தற்சுட்டுப் பெயர் எழுவாய்க்கு ஏற்ப மாறும்: மே, தே, சே, சே, வே, சே. (தன்மைப் பன்மைக்குரிய 'சே' தமிழில் 'பேச்சு' என்பதில் உள்ள சகரம் போலவும், படர்க்கைக்குரிய 'சே' 'சேவை' என்பதில் உள்ள சகரம் போலவும் ஒலிக்கும்.) தனித்து நிற்கும்போது 'மி', 'தி', 'சி' என வரும் இப்பெயர்கள் 'நே' என்பதற்கு முன் எகர ஈறு பெறுகின்றன.

'நே' என்பது 'அங்கிருந்து' என்னும் பொருளுடைய இலத்தீன் 'இன்தே' என்பதன் வழிவந்தது. 'அதைப் பற்றி', 'அதிலிருந்து', 'அதில் சிறிது' என்றெல்லாம் இது பொருள்படும். முன்னர்ச் சொல்லப்பட்ட எதையும் இது சுட்டலாம். பேசுவோர் எதைப் பொருட்படுத்தவில்லை என்பதை வினை கூறுவதில்லை. அதனைக் கூறும் பொறுப்பு முழுவதும் 'நே' என்னும் ஓரசைச் சொல்லிடமே உள்ளது. மழை, பிறர் பேச்சு, தேர்வு முடிவு, சட்டம், தன் சாவு, அடுத்தவர் சாவு ஆகிய எதுவாயினும் இச்சொல்லுக்குள் அடங்கிவிடும். ஆகவே 'மே நே ஃபிரேகோ' என்னும் தொடரின் உண்மைப் பொருளை அறிய, அதில் உள்ள 'நே' எதைச் சுட்டுகின்றது என்று கேட்டாக வேண்டும். இத்தொடரின் அரசியல் வரலாற்றைப் புரிந்துகொள்வதற்கும் இக்கேள்வி உதவுகின்றது.

இதே அமைப்பில் 'இன்ஃபிஸ்கியார்சேனே' என்னும் வினையும் உண்டு. இது 'சீழ்க்கை அடித்தல்' என்னும் பொருளுடைய வினையிலிருந்து வந்தது. இதுவும் பொருட்படுத்தாமையையே குறிக்கும். ஆயின் கொச்சைத்தன்மை அற்றது.

உடன்பாடும் எதிர்மறையும்

இத்தாலியம் கற்போருக்குக் குழப்பம் தருவது பின்வரும் இரு தொடர்களாகும்.

* 'மே நே ஃபிரேகோ'
* 'நோன் மே நே ஃபிரேகா நியென்த்தே'

முதல் தொடரில் எதிர்மறைச் சொல் இல்லை. இரண்டாம் தொடரில் 'நோன்' (இல்லை), 'நியென்த்தே' (ஒன்றும்) என இரண்டு உள்ளன. எனினும் இரண்டும் 'எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை' என்றே பொருள்படும்.

காரணம் எழுவாயில் உள்ளது. முதல் தொடரில் வினை தன்மை ஒருமையில் நிற்கின்றது, எழுவாய் 'நான்'. இங்கு வினைக்குப் 'பொருட்படுத்தாதே இரு' என்பது பொருள். இரண்டாம் தொடரில் வினை படர்க்கையில் நிற்கின்றது. 'மே' என்பது 'எனக்கு' என்னும் நான்காம் வேற்றுமைப் பொருளைத் தருகின்றது. இங்கு வினைக்கு 'அக்கறை தருதல்' என்பது பொருள். அதனை 'நோன்' மறுக்கின்றது. தமிழர்க்கு இரண்டாம் அமைப்பு எளிதில் விளங்கும். 'எனக்கு அதில் ஒன்றும் அக்கறை இல்லை' என்னும் தமிழ்த் தொடரிலும் அக்கறை உடையவர் நான்காம் வேற்றுமையிலேயே நிற்கின்றார். 'எனக்குப் பிடிக்கும்' என்பதற்கு இணையான 'மி பியாச்சே' என்னும் இத்தாலியத் தொடரும் இவ்வகையினதே.

வினாத் தொடர்களிலும் 'அக்கறை' என்னும் பொருளே மேலோங்குகின்றது.

* 'கே தே நே ஃபிரேகா?': உனக்கென்ன வந்தது?
* 'கி சே நே ஃபிரேகா?': யாருக்கு என்ன கவலை? (ஒருவருக்கும் இல்லை என்பது குறிப்பு.)

ஏவல் வடிவமான 'ஃபிரேகத்தெனே' என்பது 'அதை விட்டுத்தள்ளு' என்னும் பொருளில், துயரில் இருக்கும் நண்பரைத் தேற்றுவதற்கும் பயன்படுகின்றது.

அரசியல் முழக்கமாக

போரும் ஃபியூமே நகரும்

1917ஆம் ஆண்டில் இத்தாலியப் படையில் 'ஆர்தித்தி' (துணிந்தோர்) எனப்படும் அதிரடிப் படைப்பிரிவுகள் அமைக்கப்பட்டன. எதிரியின் பதுங்குகுழிகளுக்குள் குண்டும் குறுவாளும் ஏந்திப் பாய்வது இவர்களின் பணியாகும். உயிரிழப்பு மிகுந்த இப்பணியில் ஈடுபட்டோரிடையே 'மே நே ஃபிரேகோ' வழக்கிலிருந்தது. 1918ஆம் ஆண்டு சூன் மாதம் பியாவே ஆற்றங்கரைப் போரில், ஆபத்தான தாக்குதல் ஒன்றிற்குக் கட்டளை பெற்ற படைத்தலைவர் ஒருவர் இவ்வாறு மறுமொழி கூறினார் என்றொரு கதையும் வழங்கி வருகின்றது. இச்சூழலில் 'நே' சுட்டியது பேசுபவரின் சொந்தச் சாவையே.

1919 செப்டம்பர் 12 அன்று கவிஞர் கப்ரியேலே தன்னுன்சியோ தம் ஆதரவுப் படையினருடன் அத்திரியாட்டிக் கடற்கரையில் உள்ள ஃபியூமே நகரைக் கைப்பற்றினார். (இந்நகர் இன்று குரோவாசியாவில் ரியேக்கா எனப்படுகின்றது.) போருக்குப் பின் நடந்த பேச்சுகளில் அந்நகர் இத்தாலிக்கு வழங்கப்படாததே இதற்குக் காரணம். அவருடைய படையினருள் முன்னாள் ஆர்தித்தி வீரர் பலர் இருந்தனர். அங்கு 'மே நே ஃபிரேகோ' படையினரின் குறிக்கோளுரைகளுள் ஒன்றாயிற்று. 'நே' இப்போது பன்னாட்டு உடன்படிக்கைகளையும் இத்தாலிய அரசின் கட்டளைகளையும் சுட்டியது. 1920 திசம்பர் இறுதியில் இத்தாலியப் படையே தாக்கி அவ்வாட்சியை முடிவுக்குக் கொண்டுவந்தது.

பாசிச இயக்கம்

1919 மார்ச் 23 அன்று மிலான் நகரில் பெனிட்டோ முசோலினி தொடங்கிய இயக்கத்தில் முன்னாள் ஆர்தித்தி வீரர் பலர் இணைந்தனர். அவர்களது கருஞ்சட்டை முதலிய அடையாளங்களுடன் இம்முழக்கமும் அவ்வியக்கத்தைச் சேர்ந்தது. 'ஸ்குவாத்ரிஸ்தி' எனப்பட்ட அதன் அடியாட்படையினர் தொழிற்சங்க அலுவலகங்களையும் கூட்டுறவு அமைப்புகளையும் சோசலிசக் கட்சி நிலையங்களையும் தாக்கினர். எதிராளிகளைத் தடியால் அடித்தும் ஆமணக்கெண்ணெயை வலிந்து புகட்டியும் துன்புறுத்தினர். இத்தகையோர் வாயில் 'நே' என்பது தன் சாவை மட்டும் சுட்டவில்லை. சட்டத்தையும், அடிபட்டவரின் வலியையும் சேர்த்தே சுட்டியது. சொற்றொடர் மாறவில்லை, சுட்டப்பட்ட பொருள் மாறிவிட்டது.

1922 அக்டோபரில் முசோலினி ஆட்சிக்கு வந்தார். 1932இல் 'இத்தாலியக் கலைக்களஞ்சியம்' என்னும் பெருந்தொகுப்பில் பாசிசம் பற்றிய கட்டுரை அவர் பெயரில் வெளியாயிற்று. அதன் முதற்பகுதியைப் பெரிதும் எழுதியவர் மெய்யியலாளர் ஜொவான்னி ஜென்டிலே ஆவார். காயத்தின் கட்டுத்துணியில் எழுதப்பட்ட இம்முழக்கம் அக்கட்டுரையில் பெருமையுடன் எடுத்துக்காட்டப்பட்டு, ஒரு வாழ்க்கை நெறியின் சுருக்கமாக விளக்கப்படுகின்றது. தெருவில் கொச்சையாகக் கருதப்பட்ட தொடர் இவ்வாறு அரசின் கோட்பாட்டு நூலில் இடம்பெற்றது. மொழியைக் கண்காணிப்பதில் இவ்வாட்சி கடுமை காட்டியது. 1938இல் 'லேயி' என்னும் மரியாதை முன்னிலைச் சொல்லுக்கு மாற்றாக 'வோயி' என்பதைப் பயன்படுத்துமாறு அது வலியுறுத்தியது. அயல்மொழிச் சொற்களையும் விலக்க முற்பட்டது. இத்தகைய ஆட்சி ஒரு கொச்சைத் தொடரை மட்டும் உயர்த்திப் பிடித்தது நோக்கத்தக்கது.

பார்பியானா பள்ளி

லொரென்சோ மிலானி (1923–1967) ஃபுளோரன்சு நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்த கத்தோலிக்கக் குரு ஆவார். 1954 திசம்பரில் அவர் முஜெல்லோ பகுதியின் மலைமேல் உள்ள பார்பியானா என்னும் சிறு குடியிருப்புக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்த உழவர் பிள்ளைகளுக்காக அவர் ஒரு பள்ளியை நடத்தினார். சொற்களை அறியாமையே ஏழைகளை ஏழைகளாக வைத்திருக்கின்றது என்பது அவரது கருத்து. ஆகவே அப்பள்ளியில் மொழிக்கல்வி முதலிடம் பெற்றது. அதன் சுவரில் 'ஐ கேர்' என்னும் ஆங்கிலத் தொடர் எழுதப்பட்டிருந்தது.

1965 பிப்ரவரியில், படைக்கான குருக்கள் சிலர், மனச்சான்றின் பேரில் படைச்சேவையை மறுப்பது கோழைத்தனம் என்னும் கருத்துப்பட ஓர் அறிக்கை வெளியிட்டனர். அக்காலத்தில் இத்தாலியில் படைச்சேவை கட்டாயமாக இருந்தது, மறுத்தோர் சிறையிலிடப்பட்டனர். மறுத்தோர்க்கு ஆதரவாக மிலானி திறந்த மடல் ஒன்றை எழுதினார். குற்றத்தைப் போற்றியதாக அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. கடும் நோய்வாய்ப்பட்டிருந்த அவர் உரோமில் நடந்த விசாரணைக்குச் செல்ல இயலாமல், 1965 அக்டோபரில் நீதிபதிகளுக்கு ஒரு மடல் வரைந்தார்.

பள்ளிச் சுவரில் உள்ள தொடரை அவர் அம்மடலில் விளக்கினார். அதன் பொருளை 'இம்போர்த்தாரே' (முக்கியமாதல்) என்னும் வினையாலும் 'மி ஸ்தா ஆ குவோரே' (அது என் நெஞ்சில் உள்ளது) என்னும் தொடராலும் எடுத்துரைத்தார். பாசிசத்தின் 'மே நே ஃபிரேகோ' என்பதற்கு அது நேர் எதிரானது என்றும் குறிப்பிட்டார். இலக்கண நோக்கில் இவ்வெதிர்ப்பு மிகத் துல்லியமானது. 'மே நே இம்போர்த்தா' (எனக்கு அது முக்கியம்) என்னும் தொடரிலும் 'மே', 'நே' ஆகிய இரண்டும் உள்ளன. மாறுவது வினை மட்டுமே. அத்துடன் எழுவாயும் இடம் மாறுகின்றது: 'நான்' முன்னின்று உலகைத் தள்ளுவதற்கு மாறாக, உலகம் எழுவாயாகி 'எனக்கு' என்பதை வந்தடைகின்றது.

1966 பிப்ரவரியில் மிலானி விடுவிக்கப்பட்டார். அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. அது தீர்க்கப்படுமுன் 1967 சூன் 26 அன்று அவர் இறந்தார். அதே ஆண்டில் அவருடைய மாணவர்கள் சேர்ந்து எழுதிய 'ஓர் ஆசிரியைக்கு மடல்' என்னும் நூல் வெளியாகி இத்தாலியக் கல்வி பற்றிய விவாதங்களில் பெருந்தாக்கத்தை ஏற்படுத்தியது. மனச்சான்றின் பேரில் படைச்சேவையை மறுக்கும் உரிமையை இத்தாலி 1972 திசம்பரில் சட்டத்தால் ஏற்றது. 2017 சூன் 20 அன்று திருத்தந்தை பிரான்சிசு பார்பியானாவுக்குச் சென்று மிலானியின் கல்லறையில் வழிபட்டார்.

பிற்கால வழக்கு

போருக்குப் பின் 'மே நே ஃபிரேகோ' அன்றாடப் பேச்சுத் தொடராகவே தொடர்ந்தது. இதைக் கூறும் இத்தாலியர் பெரும்பாலோர் எவ்வித அரசியலையும் நினைப்பதில்லை. 2020ஆம் ஆண்டு சன்ரேமோ இசை விழாவில் அக்கில்லே லாவுரோ என்னும் பாடகர் இத்தொடரையே தலைப்பாகக் கொண்ட பாடலைப் பாடினார். ஆயின் ஓர் அரசியல்வாதி மேடையில் இதனைக் கூறினாலோ, சுவரிலோ கொடியிலோ இது எழுதப்பட்டாலோ, பழைய முழக்கம் உடனே நினைவுகூரப்படுகின்றது.

வழிச்சொற்கள்

* ஃபிரெகாத்தூரா: ஏமாற்று, நம்பி வாங்கி ஏமாந்த பொருள். 'கே ஃபிரெகாத்தூரா!' என்பது 'நன்றாக ஏமாந்தோம்!' எனப் பொருள்படும்.
* ஃபிரெகாத்தா: ஒருமுறை தேய்த்தல்.
* ஃபிரேகோ (பெயர்ச்சொல்): எழுதுகோலால் இழுத்த கோடு, கீறல்.
* மெனெஃபிரெகீஸ்மோ: எதையும் பொருட்படுத்தா மனப்பான்மை. 'மே நே ஃபிரேகோ' என்னும் முழுத்தொடரும் ஒரே சொல்லாக இறுகி, கோட்பாடுகளைக் குறிக்கும் '-ஈஸ்மோ' என்னும் விகுதியை ஏற்றது.
* மெனெஃபிரெகீஸ்தா: அத்தகைய மனப்பான்மை உடையவர்.

கடைசி இரண்டு சொற்களும் இன்று கண்டனமாகவே பயன்படுகின்றன. பொதுப்பணியில் அலட்சியம் காட்டும் அலுவலர், குப்பையைத் தெருவில் வீசுவோர், வாக்களிக்கச் செல்லாதோர் ஆகியோரைக் கடிந்துரைக்க இவை உதவுகின்றன. ஒரு காலத்தில் வீரத்தின் அடையாளமாக முழங்கப்பட்ட தொடர், விகுதி பெற்றதும் குறைபாட்டின் பெயராகியுள்ளது.

வழக்குநிலை

ஃபிரெகாரே, ஃபிரெகார்சேனே ஆகிய இரண்டும் பேச்சு வழக்கிற்கு உரியவை. நண்பரிடையிலும் குடும்பத்தினரிடையிலும் இவை இயல்பானவை. ஆசிரியர், முதியோர், அறிமுகமற்றோர் ஆகியோரிடமும் அலுவல் கடிதங்களிலும் இவற்றைத் தவிர்த்தல் வேண்டும். அச்சூழல்களில் பின்வருவன பொருந்தும்:

* 'நோன் மி இம்போர்த்தா': எனக்கு அது முக்கியமன்று.
* 'நோன் மி இன்தெரேஸ்ஸா': எனக்கு அதில் ஆர்வமில்லை.

'கண்ணைக் கசக்குதல்' போன்ற மூலப்பொருள் தொடர்களுக்கு இத்தடை இல்லை.

தமிழில் பெயர்த்தல்

'மே நே ஃபிரேகோ' என்பதை ஒரே தமிழ்த் தொடரால் எல்லா இடங்களிலும் பெயர்க்க இயலாது. சாவுக்குத் துணிந்த வீரனின் கூற்றாயின் 'அதற்கெல்லாம் அஞ்சேன்' என்பதும், வீண்பேச்சை ஒதுக்கும் இளைஞரின் கூற்றாயின் 'யார் என்ன சொன்னால் என்ன' என்பதும் பொருந்தும். அடுத்தவர் துன்பத்தைக் கண்டும் காணாதவரின் கூற்றாயின் 'யார் எக்கேடு கெட்டால் எனக்கென்ன' என்பதே பொருத்தமான பெயர்ப்பாகும். எதனைத் தேர்வது என்பதை வினையை வைத்துத் தீர்மானிக்க முடியாது. 'நே' எதைச் சுட்டுகின்றது என்பதை வைத்தே தீர்மானித்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* இத்தாலிய மொழி
* இலத்தீன்
* ரோமானிய மொழிகள்
* பாசிசம்
* லொரென்சோ மிலானி